கல்முனைக்கு நான் விட்ட கோச்சி

சும்மா இருக்கத் தெரியாத ஒருவனுக்கு இங்கிலீஷும் அரைகுறையாகத் தெரிந்துவிட்டால் அவனை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. இதை நான் யாரையோ பார்த்துச் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

எழுபத்தெட்டில் எங்கள் கரையைப் புரட்டிய சூறாவளி ஓய்ந்து ஓரிரு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். சாய்ந்தமருதில் பிறந்து, கொழும்பில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கிளார்க்காக இருந்த நான், ஒரு சூட்கேஸோடும் ஒரு அகராதியோடும் கல்முனையில் மாமா வீட்டில் போய் இறங்கினேன். கல்யாணம் பேசும்போது என் வீட்டார் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே பெருமை, "பொடியன் இங்கிலீஷில கடிதம் எழுதுவான்" என்பதுதான். பொய்யில்லை. ஆனால் கொழும்பில் நான் எழுதியதெல்லாம் ஒரே கடிதம். 'தங்கள் சரக்கு வந்து சேர்ந்தது, நன்றி.' சரக்கின் பெயரை மட்டும் மாற்றுவேன்.

அரசாங்க வேலைக்கு மனுப்போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். புது மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே உத்தியோகம் சாப்பிடுவது. ஒரு வாளியைத் தூக்கப் போனால்கூட மூன்று பேர் ஓடி வந்து பிடுங்குவார்கள். கதிரையில் இருந்தால் என் கால் தானாக ஆடும். எழுந்து வாசல் கேற் வரை நடப்பேன், திரும்பி வருவேன், பேப்பரை எடுப்பேன், வைப்பேன், மறுபடி கேற்றுக்குப் போவேன். மாமி இதைப் பார்த்துவிட்டு என் மனைவி பரீதாவிடம், "புள்ள, மாப்பிள்ளைக்கு வயித்துக்குள்ள சரியில்லயா?" என்று கேட்டு இஞ்சித் தேத்தண்ணி அனுப்பினார். அன்றிலிருந்து நான் எழுந்து நடக்கும்போதெல்லாம் இஞ்சித் தேத்தண்ணி வந்தது. (நடக்காமல் இருக்க முயன்றேன். முடியவில்லை. குடித்தேன்.)

மாமாவுக்கு நற்பிட்டிமுனை ரோட்டில் ஒரு நெல் மில் இருந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் மில். அந்தப் பக்கம், வெள்ளத்துக்குப் பயந்து நெஞ்சளவு உயர்த்திக் கட்டிய சீமெந்துக் களம். அவித்த நெல்லை அங்கேதான் காயப்போடுவார்கள். மழை இருட்டினால் போதும், மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ரோட்டைக் கடந்து ஓடுவார்கள். பஸ் ஹோர்ன் அடிக்கும், சைக்கிள்காரன் ஏசுவான், பாதி நெல் நனையும். அதனால் மாமா ஒரு காரியம் செய்தார். அம்பாறைப் பக்கம் எப்போதோ குளக்கட்டு வேலைக்கு மண் இழுத்த பழைய தண்டவாளத்தையும் ஒரு இரும்புத் தள்ளுவண்டியையும் ஏலத்தில் எடுத்தார். களத்திலிருந்து சரிவாக இறங்கி, ரோட்டைக் கடந்து, மில்லுக்குள் போய் நிற்கும் பாதை. மொத்தமாகவே ஒரு ஆள் கூப்பிட்டால் மறு ஆளுக்குக் கேட்கும் தூரம்.

ரோட்டுக்குக் குறுக்கே தண்டவாளம் போட அனுமதி வேண்டும் என்று உள்ளூர்க் கந்தோர் அலுவலர்கள் சொல்லிவிட்டார்கள். மாமா என்னிடம் வந்தார்.

"மகன், உங்களுக்குக் கரைச்சல் இல்லாட்டி ஒரு கடிதம் எழுதித் தாங்களன். ரெண்டு வரி போதும்."

ரெண்டு வரியா! மாதக்கணக்காக இஞ்சித் தேத்தண்ணி குடித்து அடங்கிக் கிடந்த என் இங்கிலீஷ் முழுவதும் அன்றைக்குப் பொங்கியது. 'தள்ளுவண்டி' என்ற சொல் மாமாவின் அந்தஸ்துக்குக் குறைவாகப் பட்டது. ஆகவே 'கல்முனையில் தனியார் சரக்கு ரயில்வே ஒன்றை இயக்க அனுமதி கோரல்' என்று தலைப்பிட்டேன். தூரத்தை எழுதினால் சின்னதாகத் தெரியும் என்று அதை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக 'முதற்கட்டமாக' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். மாவட்ட நிர்வாகம் நடக்கும் கச்சேரிக்கு ஒரு பிரதி, ரோட்டுக் கந்தோருக்கு ஒரு பிரதி. தண்டவாளம் என்றால் ரயில்வேதானே என்று கொழும்பில் உள்ள பெரிய ரயில் கந்தோருக்கும் ஒரு பிரதி.

கடிதத்தை டைப் அடித்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனபோது ஊருக்கே தெரிந்திருந்தது: கல்முனைக்குக் கோச்சி வரப்போகிறது! மட்டக்களப்போடு நின்றுபோன ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, எங்கள் ஊருக்கும் வரவேண்டும் என்பது எல்லோருக்கும் நெடுநாள் ஆசை. ஒரு வாத்தியார் தன் மகனுக்கு ஸ்டேசன் மாஸ்டர் வேலை கேட்டு வந்தார். ஒருவர் தன் வீட்டு வளவுக்குப் பக்கத்தில் ஸ்டேசன் வருமா, வந்தால் சத்தம் அதிகமாக இருக்குமா என்று விசாரித்தார். மாமா மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "இன்ஷா அல்லாஹ்" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

பதில் வந்தது. கொழும்பு ரயில் கந்தோரிலிருந்து, இங்கிலீஷில், பக்கம் பக்கமாக. அன்றைக்கு இருந்த நிலை இதுதான்: முன் ஹோலில் மாமா, மாமி, பரீதா, மில் கணக்கப்பிள்ளை, அக்கம்பக்கத்தார். நடுவில் நான், காலை ஆட்டிக்கொண்டு. தனியார் ஒருவர் சரக்கு ரயில் ஓட்டுவதானால் என்னென்ன வேண்டும் என்று அதில் விவரமாக இருந்தது. ரோட்டைக் கடக்கும் இடத்தில் தடுப்புப் போட வேண்டும். பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் வைத்து ஒரு ஆளை நிறுத்த வேண்டும். பிரேக் சரியாகப் பிடிக்க வேண்டும். இன்ஜினியர் நேரில் வந்து பார்த்து, பாதுகாப்பு என்று கண்டால்தான் அனுமதி. இதெல்லாம் எனக்கு விளங்கியது. கடைசியில் ஒரு நிபந்தனை இருந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்: 'தேர்ட் பார்ட்டி லயபிலிட்டி கவர்'. அது கட்டாயம், இன்ஜினியர் வரும்போது காட்ட வேண்டும்.

அகராதியைப் பார்க்க உள்ளே போனேன். பார்ட்டி என்றால் கட்சி. லயபிலிட்டி என்றால் பொறுப்பு. கவர் என்றால் உறை. அகராதி என்னை ஏமாற்றவில்லை. மூன்று சொல்லுக்கும் சரியான அர்த்தம்தான் தந்தது. ஹோலுக்கு வந்து அறிவித்தேன்:

"மாமா, மூன்றாவது கட்சி பொறுப்பு எடுக்க வேணுமாம். எடுத்து, உறையில போட்டுத் தரணுமாம்."

சபையில் இருந்தவர்கள் மாமாவைப் பார்த்தார்கள். (மோட்டார் வாகனம் வைத்திருந்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். மாமாவிடம் இருந்தவை மாட்டு வண்டிகள். மாடுகளுக்கு இன்சூரன்ஸ் கேட்பாரில்லை.)

"மூணாவது கட்சியா?" மாமா தாடியைத் தடவினார். அவர் ஆளுங்கட்சிக்காரர். எதிர்க்கட்சிக்காரர் வந்தாலும் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவார். மூன்றாவது கட்சியைப் பற்றி அவர் அதுவரை யோசித்ததே இல்லை. "ஏன் மகன், ஆளுங்கட்சிர கடிதம் செல்லாதா?"

"அது பக்கச்சார்பு எண்டு நினைப்பாங்க மாமா. மூணாவது எண்டா நடுநிலை."

இதை எங்கிருந்து பிடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் மாமா மெதுவாகத் தலையாட்டினார். "கொழும்பான் மூளைக்காரன்தான்" என்றார். பரீதா மட்டும் கதவோரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அந்தப் பார்வையை அப்போது நான் பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

கல்முனை பஜாரில் மூன்றாவது கட்சி என்று சொல்ல இருந்தவர் ஒரே ஒருவர். பாண்டிருப்பைச் சேர்ந்த தையல்காரர், தோழர் வேலாயுதம். இடதுசாரிக் கட்சியின் கல்முனைக் கிளைக்குத் தலைவரும் அவர், செயலாளரும் அவர், கூட்டத்துக்கு வருபவரும் அவர். கடைக்கு நானும் மாமாவும் போனோம். ஊரில் எல்லோரும் மாமாவை 'முதலாளி' என்பார்கள். தோழர் மட்டும் அந்தச் சொல்லை மேடையில் ஏசுவதற்கென்று தனியாக வைத்திருந்தார். நேரில் 'ஹாஜியார்' என்பார்.

விஷயத்தைக் கேட்டதும் தோழர் மிஷினை மிதிப்பதை நிறுத்தினார்.

"என்ன சொல்றீங்க ஹாஜியார்? எங்கட கட்சி பொறுப்பெடுக்க வேணுமெண்டு அரசாங்கமே கேட்டிரிக்கா?"

"ஓம் தோழர். எழுதியே இரிக்கி. இவர் வாசிச்சவர்."

தோழரின் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருடத்தில் அவருடைய கட்சியிடம் எதற்காவது பொறுப்பேற்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. "செய்வம்," என்றார். "ஆனா ஒரு நிபந்தனை. வண்டி தள்ளுற தொழிலாளிக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல வேலை குடுக்கப்படாது."

"வண்டி போய்ச் சேர ஒரு நிமிசம்தான் தோழர் ஆகும்," என்றார் மாமா.

"கொள்கை கொள்கைதான்."

மாமா ஒப்புக்கொண்டார். தோழர் கடிதம் எழுதி, உறையிலிட்டு, அரக்கு உருக்கி முத்திரை குத்தினார். மூன்றாவது கட்சியே நேரில் வந்து நிற்பது இன்னும் விசேஷம் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

இன்ஜினியர் வருவதாகச் சொன்ன நாளில் எனக்கு நிலைகொள்ளவில்லை. விடிந்ததிலிருந்து களத்துக்கும் மில்லுக்கும் நடந்தேன். தண்டவாளத்தைத் துடைக்க வைத்தேன். வண்டியைப் பின்னாலிருந்து கயிறு பிடித்து இறக்கும் இரண்டு தொழிலாளிகளையும் கூப்பிட்டு மறுபடி மறுபடி பாடம் எடுத்தேன். "பச்சைக் கொடி எண்டா விடணும். சிவப்புக் கொடி எண்டா?" "நிப்பாட்டணும் தம்பி." "எப்பிடி?" "கயித்த இழுத்துப் பிடிச்சி, சில்லுக்குக் கட்டையப் போடணும் தம்பி." "ஆரு சிவப்பக் காட்டினாலும்?" "ஆரு காட்டினாலும் தம்பி." பிரேக் என்றால் அந்தக் கட்டைதான். நான் திருப்தியோடு மறுபடி நடந்தேன்.

வேடிக்கை பார்க்க நல்ல கூட்டம். கோச்சி வரும் என்று சாப்பாட்டுப் பார்சலோடு வந்தவர்களும் இருந்தார்கள். ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் நரைத்த தலையுள்ள ஒரு சிங்கள இன்ஜினியர். இரவு முழுதும் மட்டக்களப்புக் கோச்சியில் இருந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து இங்கிலீஷில், "ரயில்வே எங்கே?" என்றார்.

காட்டினேன்.

அவர் தண்டவாளத்தின் இந்த முனையைப் பார்த்தார். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்தி அந்த முனையைப் பார்த்தார். "இது முதற்கட்டம், சேர்," என்றேன்.

மனிதர் நல்லவர். ஒரு பெருமூச்சோடு வேலையைத் தொடங்கினார். தண்டவாளத்தைக் காலால் தட்டினார், தடுப்பைத் தூக்கி இறக்கினார், கட்டையைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். கடைசியில் கேட்டார், "தேர்ட் பார்ட்டி கவர்?"

இந்த நிமிடத்துக்காகத்தானே நான் காத்திருந்தேன். அரக்கு முத்திரை போட்ட உறையை இரண்டு கையாலும் கொடுத்தேன். பிறகு பின்னால் வெள்ளைச் சட்டையும் சிவப்புச் சால்வையுமாக நின்ற தோழரை முன்னால் இழுத்து நிறுத்தினேன்.

"சேர், திஸ் இஸ் த தேர்ட் பார்ட்டி."

தோழர் கைகூப்பினார். இன்ஜினியர் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு என்னிடம் இங்கிலீஷில் கேட்டார், "இவருக்கு எங்கே அடிபட்டது?"

அடிபட்டதா? எங்கோ ஒரு சொல்லை நான் பிழையாகப் பிடித்துவிட்டேன் என்று விளங்கியது. எது என்றுதான் விளங்கவில்லை. இதற்குள் மாமா முழங்கையால் இடித்தார். "என்ன மகன் சொல்றார்?"

ஊர் பார்க்கிறது. மாமா பார்க்கிறார். கதவோரத்துப் பார்வை ஒன்று வீட்டிலிருந்து இங்கே வரை நீண்டு என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"வண்டிய ஓட்டிக் காட்டட்டாம், மாமா."

மாமா உடனே கை காட்டினார். களத்தில் நின்றவர்கள் பச்சைக் கொடியை ஆட்டினார்கள். மூட்டைகள் அடுக்கிய வண்டி சரிவில் கடகடவென்று இறங்கியது. கூட்டம் 'ஹோ' என்றது. தன் கட்சி பொறுப்பேற்ற முதல் வாகனம் ஓடி வருவதைக் கண்ட தோழரால் தாங்க முடியவில்லை. மில் வாசலில் தண்டவாளத்துக்குக் கிட்டவாக ஓடி, தோளில் கிடந்த சிவப்புச் சால்வையை உருவி, தலைக்கு மேலே சுழற்றினார்.

என் மாணவர்கள் இரண்டு பேரும் பாடத்தை மறக்கவில்லை. ஆரு காட்டினாலும் சிவப்பு சிவப்புதான். கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள், கட்டையைப் போட்டார்கள். வண்டி ரோட்டு நடுவே அடித்து வைத்த மாதிரி நின்றது. மேலே இருந்த மூட்டைகளுக்கு அந்தப் பாடம் எடுக்கப்படவில்லை. அவை தொடர்ந்து வந்தன. ஒன்று தோழரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தது.

ஓடிப்போய்த் தூக்கினோம். உயிருக்கு ஒன்றுமில்லை, வலது மணிக்கட்டு மட்டும் பார்க்க வேறுமாதிரி இருந்தது. இன்ஜினியரும் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, என் தோளில் கைவைத்து, நல்ல தமிழில் சொன்னார்:

"தம்பி, இவர் இப்பதான் தேர்ட் பார்ட்டி."

நான் மாமாவுக்குச் சொன்ன தமிழும் இவருக்கு விளங்கியிருக்கிறது.

"மட்டக்களப்பு ஸ்டேசன்ல நான் கன காலம் வேலை செஞ்சது," என்றார் அவர். "வண்டிய ஓட்டச் சொல்லி நான் சொல்லயில்லயே, தம்பி?"

பிறகு மாமாவுக்கு எல்லாவற்றையும் அவரே பொறுமையாக விளங்கப்படுத்தினார். தேர்ட் பார்ட்டி என்றால் கட்சி இல்லை, வண்டிக்காரருக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும் சம்பந்தமில்லாமல் ரோட்டில் போகிற மூன்றாவது ஆள். வண்டியால் அவருக்கு ஏதும் நடந்தால் நட்டஈடு கொடுக்க முன்கூட்டியே எடுத்துவைக்கும் இன்சூரன்ஸ்தான் அந்த கவர். கையால் தள்ளும் இந்த வண்டிக்கு ரயில் கந்தோரின் அனுமதியே தேவையில்லை. ஆனால் ரோட்டைக் கடப்பதால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டக்கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, தோழரைத் தன் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். கூட்டம் சாப்பாட்டுப் பார்சல்களைப் பிரித்தது.

மாமா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "மூணாவது எண்டா நடுநிலை," என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டு வீடுவரை நடந்தார்.

இரவு பரீதா கேட்டாள், "அண்டைக்கே கேப்பம் எண்டு நினைச்சன். கட்சி எண்டா பொறுப்ப உறைக்குள்ள போட்டா குடுக்கும்?"

"நினைச்சா ஏன் கேக்கல்ல?"

"புது மாப்பிள்ளைய அப்பிடிக் கேக்கிறது மரியாதையில்ல எண்டு உம்மா சொல்லியிரிக்கா."

கதை இதோடு முடிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். தோழரின் கையில் மாவுக்கட்டு. கடை பூட்டு. நோன்பு மாதம் பிறந்துவிட்டது. தையல்காரர்களுக்கு உழைப்பதென்றால் அந்த மாதம்தான். மாமா பெரிய மனது பண்ணி, உதவியாக இருக்கட்டும் என்று என்னிடம் பணம் கொடுத்தனுப்பினார். தோழர் மறுத்துவிட்டார். "நான் ஹாஜியாரிட்ட தருமம், சதகா கேக்கல்ல தம்பி. நட்டஈடு எண்டு சொல்லித் தந்தா வாங்குவன். அது என்ர உரிமை."

திரும்பி வந்து சொன்னேன். மாமாவுக்கு முகம் சிவந்தது. "நட்டஈடு எண்டா நான் குத்தம் செஞ்சவன் எண்டாகும். நான் ஆரையும் அடிக்கல்ல. உதவி எண்டா எவ்வளவும் தாறன்."

மறுபடி பாண்டிருப்பு. மறுபடி கல்முனை. நோன்பு வயிற்றோடு அந்த வெயிலில் நான் சைக்கிள் மிதித்தேன். இரண்டு பேருக்கும் கொடுக்கல் வாங்கலில் தகராறு இல்லை. அந்தப் பணத்தை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்பதுதான் தகராறு. முதல் முறையாக அலைவதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தவள் பரீதா. "வீட்டில எல்லாருக்கும் பெருநாள் உடுப்புத் தைக்கணும்தானே? தோழரிட்டக் குடுப்பம். கூலிக்கு வாப்பாவும் மாட்டன் எண்ட மாட்டார், தோழரும் மாட்டன் எண்ட மாட்டார்."

"கை உடைஞ்சவர் எப்பிடித் தைக்கிற?"

"அவர் வாயால தைக்கட்டும். கையால தைக்க நீங்க இரிக்கிறீங்க."

அப்படித்தான் அந்த நோன்பு முழுதும் நான் தோழரின் மிஷினில் இருந்தேன். அவர் மாவுக்கட்டுக் கையால் துணியில் கோடு காட்டுவார், நான் வெட்டுவேன். "நேராப் போங்க தம்பி, நேரா" என்பார். நான் வலதுசாரியாகவோ இடதுசாரியாகவோ போவேன். என் நோன்புக்கு மரியாதை கொடுத்து, திரைக்குப் பின்னால் போய்த்தான் தேத்தண்ணி குடிப்பார். மிஷினை மிதிக்கத் தொடங்கிய பிறகு என் கால் வீட்டில் ஆடுவது நின்றுபோனது. மாமி அல்ஹம்துலில்லாஹ் சொல்லி இஞ்சியை நிறுத்தினார்.

பெருநாள் காலை. நான் தைத்த உடுப்பில் குடும்பமே பளபளவென்று பள்ளிக்குப் போனது. முன் வரிசையில் மாமா, பக்கத்தில் நான். பெருநாள் தொழுகையின் முதல் சுற்றான முதல் ரக்அத்தில், ஏழு தடவை கையைக் காது வரை உயர்த்தி 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கட்ட வேண்டும். முதல் தக்பீருக்கு மாமா கையை உயர்த்தினார். கக்கத்துக்குள் 'டர்' என்று மெல்லிய சத்தம். இரண்டாவதுக்கு அது கொஞ்சம் முன்னேறியது. மூன்றாவதில் இடது கையும் சேர்ந்துகொண்டது. பள்ளி முழுதும் அமைதி. ஒவ்வொரு தக்பீருக்கும் ஒரு 'டர்'. பின் வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். ஏழாவது முடிந்தபோது மாமாவின் வலது சட்டைக் கை தோளிலிருந்து விடைபெற்று முழங்கையில் தொங்கியது. நான் அல்லாஹ்விடம் அன்று கேட்டதெல்லாம் இரண்டாவது ரக்அத்தில் உள்ள ஐந்து தக்பீரை அவன் எப்படியாவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான்.

தொழுது முடித்த மாமா யாரோடும் கைகொடுத்து முஸாபஹா செய்ய நிற்கவில்லை. கழன்ற கையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் ஒரு சட்டியை என் தலையில் கட்டி, நேரே தோழர் வீட்டுக்கு நடந்தார். போய், சட்டைக் கையை எடுத்துத் தோழர் முன்னால் வைத்தார்.

"தோழர், இதுக்கு உங்கட கட்சி பொறுப்பெடுக்குமா?"

தோழர் அதைப் பிரட்டிப் பார்த்தார். "இந்தத் தையல் உங்கட மருமகன்ர. கட்சிக்குச் சம்பந்தமில்ல ஹாஜியார்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் மாமாவின் தொந்திதான் குலுங்கத் தொடங்கியது. பிறகு தோழர். மாவுக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். வட்டிலப்பச் சட்டியோடு நடுவில் நின்ற நான் கடைசியாகச் சிரித்தேன். வேறு வழி இருக்கவில்லை.

தண்டவாளம் கொஞ்ச நாளில் ஆட்டுக் கொட்டிலுக்கு உத்தரமானது. எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது, தபால் கந்தோரில். இங்கிலீஷ் தேவைப்படாத மூலையில். மாமா மௌத்தாகி, தோழரும் காலமாகிப் பல வருடம். ஆனால் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பெருநாள் காலையில் புதுச் சட்டை போட்டவர்கள் எல்லோரும் வாசலில் வரிசையாக நின்று, இரண்டு கையையும் காது வரை உயர்த்தி, கக்கத்தில் சத்தம் வருகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் புறப்படுவார்கள். பரீதாதான் முன்னால் நின்று நடத்துவாள். பேரப்பிள்ளைகள் வெளிநாட்டிலும் இதைத் தவறாமல் செய்கிறார்களாம். அது நபிவழி, சுன்னத் என்று நினைத்திருக்கிறார்கள். நான் திருத்தப் போகவில்லை.